உச்சவரம்பும் ஒப்பந்தமும்: அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் பரிமாற்றத்தின் வரலாறு

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு குவார்ட்டர்பேக் ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்கு மாறும்போது, அவருடைய எறிதிறனுக்கும் வயதுக்கும் இணையாக வேறு சில கேள்விகளும் எடைபோடப்படுகின்றன. ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை ஆண்டுகள் மிச்சம், அதில் எவ்வளவு பணம் முன்னமே கொடுக்கப்பட்டுவிட்டது, அடுத்த தவணை எந்தத் தேதியில் விழுகிறது என்பவையே அவை. ஐரோப்பியக் கால்பந்தில் ஒரு கழகம் இன்னொரு கழகத்துக்குப் பெருந்தொகை கொடுத்து வீரரை வாங்கும் வழக்கம் உண்டு; அமெரிக்காவின் தேசியக் கால்பந்துச் சங்கமான என்.எஃப்.எல்.லில் வீரருக்கு ஈடாகப் பெரும்பாலும் இன்னொரு வீரரோ, வருங்காலத்தில் புதுவீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோதான் கைமாறுகிறது. அந்தப் பரிமாற்றத்தின் விலையையும் நேரத்தையும் நிர்ணயிப்பதில் 1994 முதல் நடைமுறையில் உள்ள சம்பள உச்சவரம்பு பெரும்பங்கு வகிக்கிறது. இந்த உச்சவரம்பு வானத்திலிருந்து விழுந்த விதியன்று. வீரர்கள் பல ஆண்டுகளாக நீதிமன்றங்களில் போராடி வென்ற வேலைச் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை அது. ஆகவே குவார்ட்டர்பேக் பரிமாற்றத்தின் வரலாறு என்பது, ஒரு வீரர் எங்கே ஆடுவார் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதன் வரலாறாகவும் அமைகிறது.

கழகங்களின் ஆட்சிக் காலம்

1920-இல் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் தொடங்கப்பட்டு 1922-இல் இன்றைய பெயரைப் பெற்ற இச்சங்கத்தில், முதல் இருபது ஆண்டுகளில் குவார்ட்டர்பேக் தனிச்சிறப்புள்ள ஆட்டக்காரராக இருக்கவில்லை. பந்தை முன்னோக்கி எறிவதற்கு இருந்த கட்டுப்பாடு 1933-இல் தளர்ந்தது. 1940-ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் சிகாகோ பேர்ஸ் அணி, குவார்ட்டர்பேக்கை நடுநாயகமாக வைத்த 'டி' வடிவ அணிவகுப்பால் வாஷிங்டனை 73–0 என்று வீழ்த்தியது. அதன்பின் ஒவ்வொரு தாக்குதலிலும் முதலில் பந்தைப் பெற்று, அதை எறிவதா, ஓட்டக்காரரிடம் கொடுப்பதா என்று நொடிப்பொழுதில் முடிவெடுப்பவராகக் குவார்ட்டர்பேக் உயர்ந்தார். நல்ல குவார்ட்டர்பேக் இல்லாத அணி பட்டத்தை எட்டுவது அரிது என்ற எண்ணம் வேரூன்றிய பிறகும், அவருடைய தொழில்வாழ்க்கையின் திசை அவர் கையில் இல்லை.

இதற்கு இரண்டு ஏற்பாடுகள் துணைநின்றன. முதலாவது, 1936-இல் தொடங்கிய டிராஃப்ட். கல்லூரிப் படிப்பை முடித்து வரும் வீரர்களைக் கழகங்கள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் இந்த முறையில், தேர்ந்தெடுக்கப்பட்டவர் அந்த ஒரு கழகத்தோடு மட்டுமே பேரம் பேச முடியும். இரண்டாவது, ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரரை மேலும் ஓராண்டு குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொள்ளக் கழகத்துக்கு இருந்த விருப்புரிமை. அந்த ஓராண்டையும் ஆடி முடித்து, 1962-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பால்டிமோருக்குப் போன ஆர். சி. ஓவன்ஸ் என்ற பந்துபிடிப்பாளர் உரிமையாளர்களை விழிப்படைய வைத்தார். மறு ஆண்டே, அவ்வாறு வெளியேறும் வீரரைச் சேர்க்கும் கழகம் பழைய கழகத்துக்கு ஈடு தர வேண்டும், உடன்பாடு ஏற்படாவிட்டால் என்ன ஈடு என்பதை ஆணையரே தீர்மானிப்பார் என்ற விதி வந்தது. அன்றைய ஆணையர் பீட் ரோசெலின் பெயரால் அது ரோசெல் விதி என வழங்கியது. 1963 முதல் 1974 வரை 176 வீரர்கள் தங்கள் ஒப்பந்தத்தை ஆடித் தீர்த்தனர். அவர்களில் 34 பேர் மட்டுமே வேறு கழகத்தில் சேர்ந்தனர் என்று பின்னாளில் நீதிமன்றம் குறித்தது. எவ்வளவு ஈடு கொடுக்க நேரும் என்று முன்கூட்டியே தெரியாத நிலையில், சேர்த்துக்கொள்ளத் துணிந்த கழகங்கள் சிலவே.

இந்தச் சூழலில் நடந்த பரிமாற்றங்களில் வீரரின் சம்பளத்துக்குப் பெரிய இடமில்லை. 1950-களில் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்குப் பட்டங்களைத் தேடித் தந்த பாபி லேன், 1958-ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கிய சில நாட்களிலேயே, ஏர்ல் மோரல் என்ற இளம் குவார்ட்டர்பேக்கையும் இரண்டு டிராஃப்ட் உரிமைகளையும் ஈடாகப் பெற்றுக்கொண்டு பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பப்பட்டார். 1974-இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பயிற்சியாளரும் மேலாளருமான டேன் டிவைன், 34 வயதான ஜான் ஹேடிலுக்காக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் கழகத்துக்கு ஐந்து டிராஃப்ட் உரிமைகளைக் கொடுத்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதற்சுற்று, இரண்டாம் சுற்று உரிமைகள் நான்கும் அவற்றுள் அடக்கம். இன்றைய கழகம் ஒன்று அத்தகைய பேரத்தில் இறங்குமுன் கேட்கும் முதல் கேள்வியான சம்பளக் கணக்கு, அன்று எந்தத் தடையையும் எழுப்பவில்லை. அன்று தவறின் விலை முழுவதும் டிராஃப்ட் உரிமைகளாகவே செலுத்தப்பட்டது.

இவ்வமைப்பை நேருக்கு நேர் எதிர்த்த குவார்ட்டர்பேக் ஜோ கேப். 1970 ஜனவரியில் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியை நான்காவது சூப்பர் பவுல் இறுதி ஆட்டம் வரை நடத்திச் சென்ற அவர், தம் விருப்புரிமை ஆண்டை ஆடி முடித்தவராதலால் வேறு கழகம் தேடினார். பாஸ்டன் பேட்ரியட்ஸ் அவரைச் சேர்த்து மினசோட்டாவுக்கு ஈடு கொடுத்தது. 1971-இல் சங்கத்தின் பொது ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்திட மறுத்து முகாமைவிட்டு வெளியேறிய கேப், அதன்பின் ஒருபோதும் ஆடவில்லை. அவர் தொடுத்த வழக்கில், ரோசெல் விதி போட்டித்தடைச் சட்டத்துக்கு முரணானது என்று கலிஃபோர்னியாவில் நடுவண் நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஸ்வைகர்ட் 1974-இல் தீர்ப்பளித்தார். ஆனால் 1976-இல் நடுவர் குழு அவருக்கு இழப்பீடாக ஒரு காசும் வழங்கவில்லை. சட்டத்தில் வென்று, தொழிலையும் பணத்தையும் இழந்த அவருடைய நிலையை நினையாமல், பிற்காலக் குவார்ட்டர்பேக்குகளின் கோடிக்கணக்கான ஒப்பந்தங்களை மதிப்பிடுவது நியாயமாகாது.

1993-ஆம் ஆண்டின் உடன்பாடு

அதே 1976-இல், வீரர் சங்கத் தலைவராக இருந்த ஜான் மேக்கி பெயரிலான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரோசெல் விதியைச் செல்லாதென்றது. ஆயினும் மறு ஆண்டின் கூட்டுப்பேர உடன்பாட்டில், வெளியேறும் வீரரின் சம்பளத்துக்கேற்ப டிராஃப்ட் உரிமைகளை ஈடாகத் தரும் முறைக்கு வீரர் சங்கமே இசைந்ததால், பத்தாண்டுகளுக்கு நிலைமை பெரிதும் மாறவில்லை. 1983-இல் டிராஃப்ட்டின் முதல் வீரராகப் பால்டிமோர் கோல்ட்ஸ் தேர்ந்தெடுத்த ஜான் எல்வே, அங்கே ஆட மறுத்து டென்வருக்குப் போக முடிந்தது ஒரு விதிவிலக்கு. நியூயார்க் யாங்கீஸ் கழகத்தோடு அவருக்கிருந்த பேஸ்பால் தொடர்பு, வேறு தொழிலுக்குப் போய்விடுவேன் என்று சொல்லும் வலிமையை அவருக்குத் தந்தது. மற்றவர்களுக்கு அந்த மாற்றுவழி இல்லை.

1982, 1987 ஆகிய ஆண்டுகளின் வேலைநிறுத்தங்கள் எதிர்பார்த்த பலனைத் தராத நிலையில், உரிமையாளர்கள் 1989-இல் 'பிளான் பி' என்ற திட்டத்தைக் கொணர்ந்தனர். ஒவ்வொரு கழகமும் 37 வீரர்களைத் தனக்கென ஒதுக்கிக்கொண்டு மற்றவர்களை மட்டும் விடுவிக்கும் இத்திட்டத்தில், முதல்தரக் குவார்ட்டர்பேக் எவரும் அந்த 37-க்கு வெளியே இருக்க வாய்ப்பில்லை. 1992 செப்டம்பரில் மினியாபொலிஸ் நகரில், ஃப்ரீமன் மக்நீல் உள்ளிட்ட எட்டு வீரர்களின் வழக்கில் நடுவர் குழு இத்திட்டம் சட்டமீறல் என்றது. தொடர்ந்து ரெஜி ஒயிட் என்ற வீரரின் பெயரில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கின் அழுத்தத்தில், நீதிபதி டேவிட் டோட்டியின் மேற்பார்வையில் 1993-இல் இருதரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன.

அந்த உடன்பாடு கொடுக்கல் வாங்கலாக அமைந்தது. குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றி ஒப்பந்தம் முடிந்த வீரர், ஈடு எதுவுமின்றி விரும்பிய கழகத்தில் சேரலாம் என்ற உரிமையைப் பெற்றார். மாறாக, ஒரு கழகம் ஓராண்டில் வீரர்களுக்காகச் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்குச் சங்க வருவாயின் ஒரு பங்கை அளவாகக் கொண்டு வரம்பு கட்டப்பட்டது. 1994-இல் அது 3 கோடியே 46 லட்சம் டாலராகத் தொடங்கி, 2009-இல் 12 கோடியைத் தாண்டி, 2025-இல் 27 கோடியே 92 லட்சத்தை எட்டியது. சில விளையாட்டுகளில் அபராதம் கட்டிவிட்டு மீறக்கூடிய நெகிழ்வான வரம்புகள் உண்டு; இங்கோ வரம்பு இறுகியது, எந்தக் கழகமும் அதைத் தாண்டி நிற்க முடியாது.

உடன்பாட்டின் இன்னொரு கூறு ஃபிரான்சைஸ் டேக். ஒப்பந்தம் முடியும் வீரர்களில் ஒருவரை, அந்த நிலையில் மிக உயர்ந்த சம்பளம் பெறுவோரின் சராசரியையோ, அவருடைய முந்தைய சம்பளத்தில் 120 விழுக்காட்டையோ, எது அதிகமோ அதைக் கொடுத்து மேலும் ஓராண்டு தக்கவைக்கக் கழகத்துக்குத் தரப்பட்ட உரிமை இது. குவார்ட்டர்பேக்குகள் ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வருவது அரிதாகி, பரிமாற்றமே அவர்கள் இடம்பெயரும் முக்கிய வழியாக நீடித்ததற்கு இந்த உரிமையும் ஒரு காரணம்.

கணக்கு இயங்கும் விதம்

உச்சவரம்புக் கணக்கின் உயிர்நாடி, கையில் கொடுக்கப்படும் பணமும் ஏட்டில் ஏறும் தொகையும் வெவ்வேறு ஆண்டுகளில் விழக்கூடும் என்பதே. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது வீரருக்குக் கொடுக்கப்படும் கையொப்பத் தொகை, உடனே அவர் கைக்குப் போய்விடுகிறது. ஆனால் கழகத்தின் வரம்புக் கணக்கில் அது ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கு ஏற்றப்படுகிறது. வரம்பில் இடம் போதாதபோது, வீரரின் அவ்வாண்டுச் சம்பளத்தின் பெரும்பகுதியை இதேபோன்ற முன்தொகையாக மாற்றி, சுமையைப் பின்னாண்டுகளுக்குத் தள்ளவும் கழகத்தால் முடியும். இவ்வாறு தள்ளிய சுமை மறைந்துபோவதில்லை. வீரர் பரிமாறப்பட்டாலோ விடுவிக்கப்பட்டாலோ, இன்னும் ஏட்டில் ஏறாத பங்குகள் அனைத்தும் ஒரே ஆண்டில் பழைய கழகத்தின் தலையில் விழுகின்றன. அடமானத்தில் இருக்கும் வீட்டில் வேறொருவர் குடியேறிய பின்னும் கடனைப் பழைய சொந்தக்காரரே கட்டுவது போன்ற நிலை இது. களத்தில் இல்லாத வீரருக்காக வரம்பில் இடம்பிடிக்கும் இத்தொகையைச் 'செத்த பணம்' என்று அத்துறையினர் குறிக்கின்றனர். வீரரைப் பெறும் கழகம் அவருடைய எஞ்சிய சம்பளத்தை மட்டுமே ஏற்கிறது. ஆதலால் முன்தொகை பெரிதாக இருந்த ஒப்பந்தம், விற்பவருக்குக் கசப்பாகவும் வாங்குபவருக்கு மலிவாகவும் அமைகிறது.

ரசல் வில்சனின் ஒப்பந்தத்தில் இதைத் துல்லியமாகக் காணலாம். 2019 ஏப்ரலில் சியாட்டில் சீஹாக்ஸ் அவருக்கு 4 ஆண்டு நீட்டிப்பாக 14 கோடி டாலர் ஒப்பந்தமளித்து, கையொப்பத் தொகையாக 6 கோடியே 50 லட்சம் கொடுத்தது. பழைய ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த ஓராண்டும் சேர்ந்து 2019 முதல் 2023 வரையான ஐந்து ஆண்டுகளில், ஆண்டுக்கு 1 கோடியே 30 லட்சமாக அத்தொகை ஏட்டில் ஏறியது. 2022 மார்ச்சில் அவர் டென்வருக்குப் போனபோது மூன்று ஆண்டுப் பங்கு கழிந்து இரண்டு ஆண்டுப் பங்கு மிச்சமிருந்தது. எனவே சியாட்டிலின் கணக்கில் 2 கோடியே 60 லட்சம் செத்த பணமாக நின்றது. ஓராண்டு முன்னால் பரிமாறியிருந்தால் இச்சுமை 3 கோடியே 90 லட்சமாக இருந்திருக்கும் என்பதை வைத்தே, குவார்ட்டர்பேக் மீது மனம் கசந்த கழகமும் ஏன் சில காலம் பொறுத்திருக்கிறது என்பது விளங்கும்.

நாட்காட்டிக்கும் இதில் பங்குண்டு. ஜூன் 1-க்குப் பின் ஒரு வீரர் போனால், அவ்வாண்டின் பங்கு மட்டும் அவ்வாண்டிலும் எஞ்சியது அடுத்த ஆண்டிலும் ஏறும். கழகம் வீரரை விடுவிக்கும்போது, மார்ச்சிலேயே விடுவித்தாலும் ஜூனுக்குப் பிந்தியதாகக் கணக்கிட ஒரு சலுகை இருக்கிறது. பரிமாற்றத்துக்கு அச்சலுகை கிடையாது. ஆனால் டிராஃப்ட் நடப்பது ஏப்ரலில். ஆகவே கணக்கைப் பார்த்து ஜூன்வரை காத்திருக்கும் கழகம், அவ்வாண்டு டிராஃப்ட்டில் பயன்படுத்தக்கூடிய உரிமைகளை இழக்கிறது. டிராஃப்ட்டைப் பார்த்து முந்திக்கொள்ளும் கழகம், முழுச் சுமையையும் ஒரே ஆண்டில் விழுங்குகிறது. 2023 ஏப்ரலில் ஆரன் ரோட்ஜர்ஸை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பிய கிரீன் பே இரண்டாம் வழியைத் தேர்ந்தது. ஜூன்வரை பொறுத்திருந்தால் அவ்வாண்டில் சுமார் 1 கோடியே 58 லட்சம் மட்டும் ஏறியிருக்கும் இடத்தில், சுமார் 4 கோடியே 3 லட்சம் டாலரை ஒருசேர ஏற்று, உடனடி டிராஃப்ட் உரிமைகளைப் பெற்றுக்கொண்டது.

குவார்ட்டர்பேக்கின் பங்கும் புதுவீரரின் விலையும்

வரம்பு வந்த முதல் ஆண்டிலேயே, பட்டம் வென்ற சான் பிரான்சிஸ்கோ அணியின் ஸ்டீவ் யங் ஒருவருக்கே அணியின் மொத்த வரம்பில் 13 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட தொகை போனது. அந்த விகிதத்துக்கு மேல் பெறும் குவார்ட்டர்பேக் பட்டம் வென்றது, 2022-ஆம் ஆண்டுப் பருவத்தில் கான்சஸ் சிட்டியின் பாட்ரிக் மஹோம்ஸ் சுமார் 17 விழுக்காட்டோடு வெல்லும்வரை நிகழவில்லை. 53 பேர் கொண்ட அணியில் ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் இன்னொருவரிடமிருந்து எடுக்கப்படுவதால், இரண்டு விலையுயர்ந்த குவார்ட்டர்பேக்குகளை ஒரே அணியில் வைத்துக்கொள்வது அரிதாயிற்று. 2001 மார்ச்சில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸோடு 10 ஆண்டுக்கு 10 கோடியே 30 லட்சம் டாலர் ஒப்பந்தம் செய்த ட்ரூ பிளெட்சோ, அவ்வாண்டு செப்டம்பரில் காயமுற்று, டிராஃப்ட்டில் 199-ஆவதாக எடுக்கப்பட்ட டாம் பிரேடியிடம் இடத்தைப் பறிகொடுத்தார். மறு ஆண்டு ஏப்ரலில், ஒரே பிரிவில் ஆடும் போட்டியாளரான பஃபலோவுக்கே, ஒரு முதற்சுற்று உரிமைக்கு ஈடாக அவர் அனுப்பப்பட்டார். பெயரளவில் பத்தாண்டாக இருந்த ஒப்பந்தம் ஓராண்டில் முடிந்த இந்நிகழ்வு, சொல்லப்படும் மொத்தத் தொகைக்கும் உறுதியளிக்கப்பட்ட தொகைக்கும் இடையிலுள்ள தூரத்தைப் புலப்படுத்தியது.

பரிமாற்றத்துக்கே வழியில்லாமல் ஒப்பந்தம் அடைத்துவிடுவதும் உண்டு. 2012 மார்ச்சில் கழுத்து அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு மீண்டுகொண்டிருந்த பெய்டன் மேனிங்குக்கு 2 கோடியே 80 லட்சம் டாலர் தவணை விழ இருந்த தறுவாயில், இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அவரை ஈடு எதுவுமின்றி விடுவித்தது. அவர் டென்வருடன் 5 ஆண்டு ஒப்பந்தம் செய்து பின்னர் பட்டமும் வென்றார்.

கோல்ட்ஸ் அவ்வாறு துணிந்ததற்கு, அவ்வாண்டு டிராஃப்ட்டின் முதல் தேர்வு அதன் கையில் இருந்ததும் ஒரு காரணம்; 2011-இல் வந்த புதுவீரர் ஊதிய அட்டவணை அத்தகைய தேர்வின் மதிப்பை உயர்த்தியிருந்தது. 2010-இல் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டுகளுக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தமும், அதில் 5 கோடி உறுதித்தொகையும் கிடைத்தன. மறு ஆண்டு அதே இடத்தில் தேர்வான கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுகளுக்கு 2 கோடியே 20 லட்சம்தான். புதுவீரர் மூன்று பருவங்கள் ஆடும்வரை ஒப்பந்தத்தைத் திருத்தவும் முடியாது. இதனால் இளம் குவார்ட்டர்பேக் ஒருவர் தேறிவிட்டால், அவர் வாங்கும் சம்பளத்துக்கும் அவருடைய சந்தை மதிப்புக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் கழகத்துக்கு ஆதாயம். 2012-இல் மூன்றாம் சுற்றில் தேர்வாகி, நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 30 லட்சம் டாலரில் ஆடிய அதே ரசல் வில்சன், 2013 பருவத்தில் சியாட்டிலுக்குப் பட்டம் வென்று தந்தபோது, மிச்சப் பணத்தில் அக்கழகம் வலுவான தற்காப்பு அணியை வைத்துக்கொள்ள முடிந்தது. அதன்பின் டிராஃப்ட் உரிமை என்பது ஒரு வீரரைப் பெறும் வாய்ப்பாக மட்டுமன்றி, மலிவான ஆண்டுகள் சிலவற்றைப் பெறும் வாய்ப்பாகவும் மதிக்கப்பட்டது. குவார்ட்டர்பேக்குக்கு ஈடாகக் கேட்கப்படும் விலையில் அந்த மதிப்பும் சேர்ந்துகொண்டது.

ஒப்பந்தமே சரக்கான பரிமாற்றங்கள்

2017 மார்ச்சில் ஹூஸ்டனுக்கும் கிளீவ்லாந்துக்கும் நடந்த பேரத்தில், ஒப்பந்தம் ஆட்டக்காரரையே மறைத்து நின்றது. முந்தைய ஆண்டு ஹூஸ்டன் டெக்சன்ஸ், பிராக் ஆஸ்வைலரை 4 ஆண்டுக்கு 7 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் சேர்த்தது. அவர் 15 முறை கோல்கோட்டுக்குள் பந்தைச் சேர்க்குமாறு எறிந்து, 16 முறை எதிரணியிடம் பறிகொடுத்தார். 2017-ஆம் ஆண்டின் சம்பளமான 1 கோடியே 60 லட்சம் முழுவதும் உறுதியளிக்கப்பட்டிருந்ததால், விடுவித்தாலும் கொடுத்தாக வேண்டும். கையொப்பத் தொகையான 1 கோடியே 20 லட்சத்தில் மூன்று ஆண்டுப் பங்காக 90 லட்சம் எஞ்சியிருந்தது. மறுபுறம், செலவிடாத வரம்பை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல 2011-ஆம் ஆண்டின் கூட்டுப்பேர உடன்பாடு அளித்த உரிமையால், கிளீவ்லாந்து பிரௌன்ஸின் கையில் 10 கோடி டாலருக்கு மேல் வெற்றிடம் இருந்தது. ஹூஸ்டன், ஆஸ்வைலரோடு 2018-ஆம் ஆண்டின் இரண்டாம் சுற்று உரிமையையும் சேர்த்துக் கொடுத்து, அவருடைய சம்பளச் சுமையிலிருந்து விடுபட்டது. 90 லட்சம் செத்த பணமானாலும் அவ்வாண்டு வரம்பில் 1 கோடி மிச்சம். கிளீவ்லாந்து அவரைப் பருவம் தொடங்குமுன்பே விடுவித்து, பெற்ற உரிமையைக் கொண்டு நிக் சப் என்ற ஓட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தது. வீரரைப் பெற்றுக்கொள்வதற்கே விலை வாங்கிய இந்தப் பேரத்தில், கிளீவ்லாந்து விற்றது தன் வரம்பின் வெற்றிடத்தை. ஹூஸ்டன் வாங்கியது ஓராண்டு நிம்மதியை.

2016 டிராஃப்ட்டில் முதல் இரண்டு இடங்களில் தேர்வான ஜாரெட் கோஃப், கார்சன் வென்ட்ஸ் இருவரின் பாதையும் இதே பாடத்தை இன்னொரு கோணத்தில் காட்டுகிறது. இருவரும் 2019-இல் பெரும் நீட்டிப்புகளைப் பெற்றனர். கோஃபுக்கு 13 கோடியே 40 லட்சமும் அதில் 11 கோடி உறுதித்தொகையும், வென்ட்ஸுக்கு 12 கோடியே 80 லட்சமும் பேசப்பட்டன. நீட்டிப்பு ஆண்டுகள் முறையாகத் தொடங்கும் தறுவாயிலேயே, 2021-இல் இருவரும் பரிமாறப்பட்டனர். கோஃபோடு இரண்டு முதற்சுற்று உரிமைகளையும் ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து, மேத்யூ ஸ்டாஃபோர்டைப் பெற்ற லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ், 2 கோடியே 20 லட்சத்துக்கு மேல் செத்த பணத்தைச் சுமந்தபடியே அந்தப் பருவத்தில் பட்டம் வென்றது. வென்ட்ஸுக்காக ஃபிலடெல்ஃபியா ஏற்ற 3 கோடியே 38 லட்சம் அன்றைய உச்சம். மறு ஆண்டே மேட் ரயனை இண்டியானாபொலிஸுக்கு அனுப்பிய அட்லான்டா 4 கோடியே 5 லட்சத்தை ஏற்று அதை முறியடித்தது. கால் நூற்றாண்டாக எந்தச் செத்த பணத்தைக் கண்டு கழகங்கள் அஞ்சினவோ, அதையே திட்டமிட்டுச் செலுத்தும் கட்டணமாக அவை கருதத் தொடங்கிய காலம் இது. வரம்பு பெரும்பாலும் உயர்ந்துவந்ததால், பின்னால் விழும் சுமை விகிதத்தில் சிறுத்துப்போகும் என்ற எதிர்பார்ப்பும் இத்துணிச்சலுக்கு உரமூட்டியது.

பழைய கழகமே சம்பளத்தில் பங்கேற்று வீரரை அனுப்புவதும் வழக்கமாயிற்று. 2022 ஜூலையில் கிளீவ்லாந்து பேக்கர் மேஃபீல்டைக் கரோலைனாவுக்குக் கொடுத்தபோது, அவருக்கு உறுதியாகியிருந்த சுமார் 1 கோடியே 88 லட்சம் டாலரில் கிளீவ்லாந்து 1 கோடியே 5 லட்சத்தையும், கரோலைனா ஏறக்குறைய 48 லட்சத்தையும் ஏற்க, மீதி 35 லட்சத்தை மேஃபீல்டே விட்டுக்கொடுத்தார். ஆடும் இடம் கிடைப்பதற்காக ஒரு வீரர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியைத் துறந்த இந்நிகழ்வில், மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டிய உடன்படிக்கையாகப் பரிமாற்றம் மாறியிருந்தது.

வீரரின் சம்மதம்

உறுதித்தொகை வளர வளர, குவார்ட்டர்பேக்கின் பேரவலிமையும் வளர்ந்தது. வாஷிங்டனில் 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் ஃபிரான்சைஸ் டேக்கில் ஆடிய கிர்க் கசின்ஸ், முறையே 1 கோடியே 99 லட்சம், 2 கோடியே 39 லட்சம் டாலர் அளவில் பெற்றுக்கொண்டு, நீண்டகால ஒப்பந்தத்துக்கு அவசரப்படாமல் காத்திருந்து, 2018-இல் மினசோட்டாவோடு 3 ஆண்டுகளுக்கு 8 கோடியே 40 லட்சம் முழுவதும் உறுதியான ஒப்பந்தம் செய்தார். அவர் விட்ட இடத்துக்கு வாஷிங்டன் பரிமாற்றத்தில் பெற்றது கான்சஸ் சிட்டியின் அலெக்ஸ் ஸ்மித்தை. ஸ்மித் விட்ட இடத்தில்தான் புதுவீரர் ஊதியத்தில் இருந்த மஹோம்ஸ் ஆடத் தொடங்கினார். ஓர் ஒப்பந்தத்தின் முடிவு மூன்று கழகங்களின் போக்கை மாற்றியது.

இவ்வலிமையின் இன்னொரு வெளிப்பாடு, தம் சம்மதமின்றிப் பரிமாறக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவாங்கும் விதி. வில்சனும் ஹூஸ்டனின் டெஷான் வாட்சனும் அதைப் பெற்றிருந்தனர். இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டோடு உரிமையியல் வழக்குகள் தொடுத்திருந்த நிலையிலும், 2022 மார்ச்சில் வாட்சனுக்காகப் பல கழகங்கள் போட்டியிட்டன. எங்கே போவது என்பது அவர் விருப்பத்தைச் சார்ந்திருந்ததால், ஹூஸ்டனுக்கு மூன்று முதற்சுற்று உரிமைகள் தர இசைந்த கிளீவ்லாந்து, அவருக்கும் 5 ஆண்டுகளுக்கு 23 கோடி டாலர் முழுவதையும் உறுதியாக்கிக் கொடுத்தது. முதலாண்டின் அடிப்படைச் சம்பளம் 10 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்ததால், 11 ஆட்டங்களுக்கு அவர் தடைசெய்யப்பட்டபோது இழந்த சம்பளமும் சிறிதே. வீரரின் சம்மத உரிமை நீண்ட போராட்டத்தின் பேறு. அது பொறுப்பிலிருந்து தப்பும் வாயிலாகவும் பயன்படக்கூடும் என்பதை இந்த ஒப்பந்தம் காட்டியதை மறைப்பதற்கில்லை.

வில்சனின் கதை டென்வரில் முடிந்த விதமும் கணக்கின் கடுமையை உணர்த்துகிறது. இரண்டு முதற்சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகளையும் மூன்று வீரர்களையும் உள்ளடக்கிய பெருவிலைக்கு அவரைப் பெற்ற டென்வர், அவர் அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடுமுன் ஏறத்தாழ 24 கோடி டாலர் நீட்டிப்பும் அளித்து, இரண்டே பருவங்களில் விடுவித்தது. சுமார் 8 கோடியே 50 லட்சம் செத்த பணம் இரண்டு ஆண்டுகளில் பிரிந்து விழுந்தது. 2024-இன் வரம்பான 25 கோடியே 54 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு, களத்தில் இல்லாத ஒருவருக்காக ஒதுங்கியது. இருந்தும் புதுவீரர் போ நிக்ஸின் மலிவான ஒப்பந்தத்தோடு அவ்வணி அந்தப் பருவத்தில் 10 ஆட்டங்களை வென்று பிளேஆஃப் சுற்றுக்குப் போனது. ஓர் ஒப்பந்தத்தின் சுமையை இன்னோர் ஒப்பந்தத்தின் மலிவு ஈடுகட்டியது. அந்த மலிவைச் சாத்தியமாக்கியது, பேரம் பேச உரிமையற்ற புதுவீரரின் நிலை.

வரலாற்றின் தீர்ப்பு

இந்த நூற்றாண்டுக் கதையில் வரம்பு கழகங்களைக் கட்டியது எவ்வளவு உண்மையோ, அவ்வளவு உண்மை அது காலத்தை இடம்மாற்றும் கருவியாக அவற்றின் கையில் பயின்றது என்பதும். ஹேடிலுக்காக 1974-இல் செலுத்தப்பட்ட விலை எதிர்காலத்து இளைஞர்கள். 2022-இல் வில்சனுக்காகச் செலுத்தப்பட்டது எதிர்காலத்து இளைஞர்களும் எதிர்காலத்துச் சம்பளமும் சேர்ந்தது. 1993-ஆம் ஆண்டின் உடன்பாடு வீரர் அனைவருக்கும் சுதந்திரம் என்று பேசப்பட்டாலும், அதன் கனியை முழுதாகச் சுவைத்தவர்கள் முதல்தரக் குவார்ட்டர்பேக்குகளே. உறுதித்தொகையும் சம்மத விதியும் அவர்களுக்கு வாய்த்தன. அவர்களுக்கு முன்னால் நின்று தடுப்பரணாக அடிவாங்கும் சக வீரர்களில் பெரும்பாலோருக்கு, உறுதியற்ற ஒப்பந்தமும் குறுகிய தொழில்வாழ்க்கையும்தான் இன்றும் வாய்த்திருக்கின்றன. வரம்பு ஒன்றே, அதில் ஒருவர் பெறும் பங்கு இன்னொருவரின் இடம் என்பதால், ஒவ்வொரு குவார்ட்டர்பேக் பரிமாற்றமும் அணியின் மற்ற 52 பேரின் பிழைப்பையும் தொடுகிறது.

ஆயினும் கேப்பும் மேக்கியும் மக்நீலும் எதிர்த்து நின்ற பழைய ஒழுங்கைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை. அன்று ஒரு வீரரின் இடமாற்றத்துக்கு ஆணையர் ஒருவரின் மனப்போக்கே ஈடு நிர்ணயித்தது. இன்று அது எழுதப்பட்ட விதிகளின்படி, எவரும் கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய முறையில் நடக்கிறது. அந்த விதிகள் கூட்டுப்பேரத்தால் எழுதப்பட்டவை; கூட்டுப்பேரத்தாலேயே திருத்தப்படக் கூடியவை. குவார்ட்டர்பேக்குக்குக் கிடைத்த உறுதி மற்றவர்களுக்கும், முதல் ஒப்பந்தத்தில் அடைபட்ட இளைஞர்களுக்கும் எந்த அளவு பரவுகிறது என்பதைக் கொண்டே, 1993-இல் செய்துகொண்ட பேரம் நியாயமானதா என்பதை அளக்க வேண்டும்.